ஏறிய கையோடு இன்ஜின் நின்றால்? ஒற்றை இன்ஜின் விமானங்கள் பற்றிக் கேள்வி பதில்

இன்ஜின் நின்றதும் விமானம் அப்படியே விழுந்துவிடுமா?

விழாது. செஸ்னா 172 மாதிரி ஒரு விமானம் 1000 அடியிலிருந்து இன்ஜின் இல்லாமலே சுமார் ஒன்றரை கடல் மைல் சறுக்கிப் போகும். ஆனால் ஏறும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும், உந்துவிசை போன சில நொடிகளிலேயே வேகம் சரிந்துவிடும். அதனால் முதல் வேலை மூக்கைக் கீழே தள்ளி, சறுக்கு வேகத்தை (172-ல் 65 முதல் 68 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல்) பிடிப்பதுதான். ரேடியோவெல்லாம் அப்புறம்.

ஓடுதளம் பின்னாலேயே இருக்கிறதே, திரும்பிவிட்டால் என்ன?

உயிரைக் குடிக்கிற யோசனை இதுதான். 180 டிகிரி திரும்பினால் போதும் என்று தோன்றும், ஆனால் திரும்பி முடிக்கும்போது ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்பீர்கள், அதை நோக்கி இன்னும் வளைந்து, மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டும், இத்தனைக்கும் கையில் இருப்பது சில நூறு அடிதான். உயரத்தைக் குறைக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்) 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். தரை நெருங்குவதைப் பார்த்ததும் கை தன்னாலே கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுக்கும், திருப்பம் போதவில்லை என்று கால் ரடரை (வாலில் உள்ள திசைத் திருப்பியை) மிதிக்கும். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் சுழலத் தொடங்கினால் மீட்க உயரம் கிடையாது.

காற்றையும் மறக்காதீர்கள். 10 நாட் எதிர்க்காற்றில் கிளம்பி, 65 நாட்டில் நேரே முன்னால் இறங்கினால் தரைவேகம் 55. திரும்பி வந்து இறங்கினால் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது சுமார் 86 சதவீதம் அதிகம்.

அப்படியானால் திரும்பவே கூடாதா?

போதிய உயரம் இருந்தால் திரும்பலாம். அது எவ்வளவு என்பதை உங்கள் விமானத்தில், பயிற்றுநரோடு, பாதுகாப்பான உயரத்தில் செய்து பார்த்து, திகைத்து நிற்கும் நொடிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குக் கீழே என்றால் நேரே முன்னால், அதிகம் போனால் இருபக்கமும் 30 டிகிரிக்குள்.

இன்ஜின் ஏன் நிற்கிறது?

பல நேரம் காரணம் எரிபொருள்தான். டேங்க் வால்வு மூடியிருந்தாலும் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் விமானம் தரையில் உருண்டுபோய் மேலேயும் ஏறிவிடக்கூடும், அதன் பிறகுதான் இன்ஜின் நிற்கும். ஈரக்காற்றில் கார்புரேட்டரில் பனி கட்டுவதும் உண்டு. அடுத்தது பெட்ரோலில் கலந்த தண்ணீர். வடித்துப் பார்க்கும் குப்பியில் அது அடியில் தெளிவாகத் தனியே நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடே தெரியாது, அதனால் வெள்ளைப் பின்னணியில் பிடித்து நிறத்தைப் பாருங்கள்: 100எல்எல் என்ற விமான பெட்ரோல் நீலமாக இருக்கும்.

முன்னால் மரங்கள் மட்டும்தான் இருந்தால்?

கட்டுப்பாட்டை விடாமல், ஆனமட்டும் குறைந்த வேகத்தில், ஸ்டால் ஆகாமல் போய் இறங்குங்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே போனால் இறக்கைகள் அடி வாங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருக்கும் இடம் தப்பும். ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) இறக்கிய பிறகு எரிபொருளையும், மின்சாரம் மொத்தத்துக்குமான மாஸ்டர் ஸ்விட்ச்சையும் அணைத்து, கதவுத் தாழை முன்கூட்டியே திறந்துவிடுங்கள், உடல் சட்டம் நெளிந்தால் கதவு இறுகிக்கொள்ளும்.