சொத்தை நின்றது, கறுப்பு தங்கியது

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. மேல் முன்பற்கள் மூன்றில் சொத்தை. மெஷினைப் பார்த்தாலே அலறுகிறான் என்பதால், டாக்டர் வெள்ளி கலந்த மருந்தை ஒரு பல்லில் தடவினார். அது கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. மற்ற இரண்டுக்கும் தடவ வேண்டுமாம். கறுக்காமல் தடுக்க முடியுமா? தடுத்தால், மேலே வைக்கும் ஃபில்லிங் பிடிக்காமல் விழுந்துவிடுமா?

- ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்தக் கறுப்பைப் பார்த்துக் கலங்காதீர்கள். தடவியது சில்வர் டையமின் ஃப்ளோரைடு, பெரும்பாலும் 38 சதவீதக் கரைசல். அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லை இறுகவைக்கும். சொத்தை அரித்த இடத்தில் வெள்ளி படிந்து கறுத்துவிடுகிறது. நல்ல எனாமலில் இந்தக் கறை பிடிக்காது. அடுத்த முறை போகும்போது, கறுத்த இடம் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். கெட்டியாக இருந்தால் அங்கே சொத்தை நின்றுவிட்டது.

மீதி இரண்டு பற்களுக்கு வழி இருக்கிறது. மருந்து தடவிய அதே சிட்டிங்கில், கையோடு பொட்டாசியம் அயோடைடு கரைசலையும் தடவ முடியுமா என்று கேளுங்கள். எஞ்சிய வெள்ளியோடு அது சேரும்போது பாலேடு போல வெண்மஞ்சளாகத் திரியும். திரிவது நின்று தெளியும்வரை திரும்பத் திரும்பத் தடவி, நன்றாகக் கழுவ வேண்டும். கறை வெகுவாகக் குறையும். அடியோடு வராது என்று நான் உறுதி தரமாட்டேன், ஏனென்றால் அப்படிச் சேர்ந்து உருவாகும் சில்வர் அயோடைடும் வெளிச்சம் பட்டால் மெல்லக் கறுக்கும் பொருள்தான். மகனுக்குத் தைராய்டு கோளாறோ அயோடின் ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபில்லிங் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அந்த வெண்மஞ்சள் படிவைச் சரியாகக் கழுவாமல் அதன்மேலேயே வைத்தால் பிடிமானம் கெடும். கிளாஸ் அயனோமர் என்ற ஃபில்லிங் பொருள், பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் ஒட்டுவது. கழுவிய பல்லில் நன்றாகவே நிற்கும். காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் ஃபில்லிங் அப்படியல்ல, அதன் பசைக்குச் சுத்தமான பரப்பு வேண்டும். ஓரங்களிலாவது நல்ல எனாமல் தெரியும்வரை சுத்தம் செய்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கிளாஸ் அயனோமர்தான். ஓரிரு வாரம் பொறுத்து வைத்தால், பல் இறுகியதைப் பார்த்துவிட்டே மூடலாம்.

ஏற்கெனவே கறுத்த பல்லுக்கு இனி அயோடைடு உதவாது. கறுப்பு ஊடுருவித் தெரியாத, ஒளிபுகா நிற ஃபில்லிங்கால் மூடலாம். எலுமிச்சை, கரித்தூள், வெண்மையாக்கும் பேஸ்ட் எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். வெள்ளி பல்லுக்குள் ஊறியிருக்கிறது, தேய்த்தால் பல்தான் தேயும். புளிப்பும் அமிலமும் கிளாஸ் அயனோமரை அரிக்கும். அமிலத்தன்மையுள்ள ஃப்ளோரைடு ஜெல்லும் அப்படித்தான், அதற்குப் பதில் பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ் கேளுங்கள்.

இவை ஏறக்குறைய 7 வயதில் விழும் பால் பற்கள். அடியில் வளரும் பல்லுக்கு இந்தக் கறை இறங்காது. அதுவரை, போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள் என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.