மூன்றடித் தொட்டியில் யார் யார் குடியிருக்கலாம்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கடல் மீன் தொட்டிக்குக் கடல் தண்ணீரையே குடத்தில் கொண்டுவந்து ஊற்றினால் என்ன? உப்பு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.
- ஒரு வாசகர், பெசன்ட் நகர்

பதில்: வேண்டாம். உங்களுக்கு வடக்கே பக்கத்திலேயே அடையாறு கடலில் கலக்கிறது. ஊர்க்கழிவும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் போனால் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். தினம் ஒரு அளவில் இருக்கும் தண்ணீரை மீன் தாங்காது.

ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்குச் கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு சுமார் 35 கிராம் கலந்து, உப்புமானியில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். இப்போது பல வீட்டு ஆர்.ஓ. மிஷின்களில் குடிநீரில் செம்பு சேர்க்கிறார்கள். நமக்குச் சரி, இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். அந்தப் பகுதிக்குப் போகும் முன்பே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வெயிலில் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெறும் ஆர்.ஓ. தண்ணீர் போதும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. உங்கள் உப்புச் செலவு கூடியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி செய்து வைத்திருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. நீமோ ஜோடி, டோரி, லயன் ஃபிஷ், நாலைந்து நீல டாம்சல், மாண்டரின் என்று பட்டியல் போட்டிருக்கிறாள். ராமநாதபுரத்திலிருக்கும் உறவினர் பவளப்பாறைத் துண்டுகள் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொளத்தூரில் வாங்கி விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் உறவினருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்ததாக இருந்தாலும், எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடல் குதிரைக்கும் இதே சட்டம்தான். மன்னார் வளைகுடாவில் மிச்சமிருக்கும் பவளம் அங்கேயே இருக்கட்டும். தொட்டிக்குச் செயற்கைப் பாறை கிடைக்கிறது. சில மாதங்களில் அதன்மேல் பாசி படிந்து பார்க்க நன்றாகவே ஆகிவிடும்.

இனி பட்டியல். உங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 190 லிட்டர். பாறை வைத்தால் அதிலும் குறையும். கடையில் பார்க்கும் டோரி கட்டைவிரல் நீளம்தான். வளர்ந்தால் ஓரடி. நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கும் மீன் அது, ஆறடித் தொட்டியாவது வேண்டும். மூன்றடியில் இங்கே திரும்பி அங்கே திரும்பி அலைந்து, நோய் வந்து போய்விடும். லயன் ஃபிஷ்ஷுக்கு வாயில் அடங்குகிற எதுவும் இரைதான், ஜோடி நீமோவும் ஒருநாள் காலையில் காணாமல் போகும். அதன் முதுகு முள்ளில் விஷமும் இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை கையை உள்ளே விடுகிற தொட்டியில் அது கூடவே கூடாது. கிளாத்தி மீனை யாராவது சிபாரிசு செய்தாலும் வாங்காதீர்கள். இறால், நத்தை எல்லாவற்றையும் உடைத்துத் தின்றுவிடும்.

மாண்டரினைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். அவ்வளவு அழகு. ஆனால் பாறையில் ஊரும் கண்ணுக்கே தெரியாத சிறு உயிர்களைத்தான் அது நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. நாம் போடும் தீனியை பெரும்பாலும் தொடாது. பட்டினியில் மெல்ல மெல்ல வயிறு ஒட்டிச் சாகும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குவதைப் பாவம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டாம்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் அதனால் அழுதிருக்கிறேன். மேற்கு மாம்பலம் வீட்டில் முதல் தொட்டி வைத்தபோது, விலை குறைவு, எதையும் தாங்கும் என்று கேள்விப்பட்டு ஒரே ஒரு நீல டாம்சலை முதலில் விட்டேன். ஒன்றரை மாதத்தில் முழுத் தொட்டியும் அதன் சொத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு விட்ட ஃபயர் கோபியை மூலையிலிருந்து வெளியே வரவே விடவில்லை. நாலாம் நாள் அது குதித்துத் தரையில் காய்ந்து கிடந்தது. டாம்சலை வலையில் பிடிக்க முடியாமல், பாறை அத்தனையையும் வெளியே எடுத்து வைத்து, இரவு பதினொரு மணிவரை போராடினேன். அன்றிலிருந்து என் வழக்கம் ஒன்றுதான்: கடைசியாக எந்த மீன் வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிடுவேன். சாது முதலில், இடம் பிடிக்கும் குணமுள்ளது கடைசியில்.

உங்கள் தொட்டிக்கு நான் சொல்வது ஐந்து மீன்கள். தண்ணீர் ஊற்றி நாலு முதல் ஆறு வாரம் ஆகட்டும். தண்ணீரைச் சோதித்து, மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஒரு ஃபயர் கோபியை விடுங்கள். மேலே வலை மூடி கட்டாயம். அடுத்து ஒரு வாட்ச்மேன் கோபி, கூடவே ஒரு பிஸ்டல் இறால். இறால் மண்ணைத் தோண்டி வீடு கட்டும், அதற்குப் பார்வை மந்தம், கோபி வாசலில் நின்று காவல் காக்கும். ஆபத்தென்றால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே ஓடும். உங்கள் மகள் டோரியை மறக்க இது ஒன்றே போதும். பிறகு ஒரு பாங்காய் கார்டினல். கடைசியில் நீமோ, அதாவது கோமாளி மீன் ஜோடி, அதுவும் தொட்டியில் பிறந்து வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் கோமாளி மீன் இனப்பெருக்கத்தை வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள், கடலில் பிடித்ததுதான் வேண்டும் என்பதில்லை. கடலில் அவை ஒண்டி வாழும் கடல் சாமந்தி இல்லாமலே தொட்டியில் நன்றாக இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதம் ஒன்று ஆகும். ஏனென்றால் எந்த மீனையும் நாலு வாரம் தனிச் சின்னத் தொட்டியில் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் செம்பு மருந்து போட முடியாது, இறால் செத்துவிடும். கொளத்தூரில் வாங்கும்போது கடைக்காரரிடம் கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னாத மீனை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: இரண்டு நீமோ வாங்கி மூன்று வாரமாகிறது. பெரியது சின்னதைத் துரத்துகிறது. சின்னது ஒருக்களித்துப் படுத்து உடம்பை நடுக்குகிறது. வலிப்பா? துணைக்கு இன்னொன்று வாங்கி விடட்டுமா?
- ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: வலிப்பு இல்லை, பயப்படாதீர்கள். இந்த மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்கின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். சின்னது உடம்பை நடுக்குவது, 'நீ சொன்னபடி கேட்கிறேன்' என்று ஒத்துக்கொள்வது. சில வாரங்களில் இரண்டும் ஒரே மூலையில் தூங்க ஆரம்பிக்கும். மூன்றாவது வேண்டவே வேண்டாம், ஜோடி சேர்ந்த பிறகு இரண்டுமாகச் சேர்ந்து அதை அடித்துவிடும்.

ஆனால் சின்னதன் துடுப்பு கிழிந்திருந்தாலோ, மேலே மோட்டார் பக்கமே ஒண்டிக்கொண்டு தீனிக்கு வராமல் இருந்தாலோ கதை வேறு. துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, பெரியதை அதில் ஒரு வாரம் வையுங்கள். பெரியதைத்தான், சின்னதை இல்லை. அதற்குள் சின்னது தைரியமாகத் தொட்டி முழுக்கச் சுற்றித் தின்று பழகிவிடும். அப்புறம் திறந்துவிட்டுப் பார்த்து, என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.