இடைவேளை நீளும்போது: உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் மதிய உணவுக்குச் செல்வோர் ஒரு மணி நேரம் கழித்தே திரும்புகின்றனர். அரை மணி நேரமே அனுமதி என்று அறிவிக்கலாமா?

பதில்: அறிவிக்க இயலாது. ஒருவரை 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் இடையில் குறைந்தது 1 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்கிறது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். எனவே இங்கே இடைவேளையை அவர்கள் நீட்டவில்லை. தாங்களே சுருக்கப் பார்க்கிறீர்கள். கூட்டம் மிகும் நேரத்தில் ஆள் குறைவதுதான் கவலையென்றால், தளவாரியாக முறைவைத்து அனுப்புங்கள். விற்பனையாளர்கள் உட்கார இருக்கை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2021இல் செய்த திருத்தத்துக்குப் பின் அதுவும் கட்டாயம்.

கேள்வி: 15 நிமிடத் தேநீர் இடைவேளைக்குச் சென்ற ஊழியர் ஒருவர் 40 நிமிடம் கழித்து வந்தார். அரை நாள் சம்பளத்தைப் பிடித்ததால் தகராறு ஆகிவிட்டது.

பதில்: தகராறு வந்ததில் வியப்பில்லை. வேலைக்கு வராத நேரத்துக்கு ஈடான தொகையை மட்டுமே பிடிக்கலாம். 25 நிமிடத்துக்கு அரை நாள் சம்பளம் என்ற கணக்கு செல்லாது. அபராதம் விதிப்பது வேறு. எந்தத் தவறுகளுக்கு அபராதம் என்பதை முன்பே அறிவித்து, ஊழியரிடம் விளக்கம் கேட்ட பின்னரே விதிக்க வேண்டும், அதுவும் அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிடித்ததில் மிகுதியை முதலில் திருப்பிக் கொடுங்கள். பிறகு இரண்டு வாரம் அவர் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் குறித்து வைத்து, மற்றவர் முன்னிலையில் அல்லாமல் தனியே அழைத்துப் பேசுங்கள். அனைவரும் 11 மணிக்கு ஒரே டீக்கடையில் குவிந்தால், பாதி நேரம் கண்ணாடித் தம்ளருக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும். அப்படியானால் தேநீரை உள்ளே வரவழைப்பது எச்சரிக்கைக் கடிதத்தைவிட மலிவு. அதன் பிறகும் தொடர்ந்தால் எழுத்துமூலம் எச்சரியுங்கள்.

கேள்வி: மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர் நாளில் இரண்டு முறை கூடுதலாக வெளியே போகிறார். மற்றவர்கள் முணுமுணுக்கின்றனர்.

பதில்: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென இரண்டு தனி இடைவேளைகள் அவருக்குச் சட்டப்படி உண்டு. முணுமுணுப்போரிடம் அதைச் சொல்லும் பொறுப்பு தங்களுடையது.

கேள்வி: மேற்பார்வையாளரே டீக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: நடவடிக்கையை அவரிடமிருந்தே தொடங்குங்கள்.