சர்க்கரை வந்தால் பிள்ளை பெரிதாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஊர். முதல் பிரசவம், இப்போது 28 வாரம். உயரம் 158 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 68 கிலோ இருந்தேன், இப்போது 77. போன வாரம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து எடுத்த டெஸ்டில் சர்க்கரை 162. ஸ்கேனில் குழந்தை 1,250 கிராம் என்றார்கள். "ரெண்டு உசுருக்குத் தின்னணும் மக்களே" என்கிறார் மாமி. "சுகர் பிள்ளை நாலு கிலோ வரும், ஆப்பரேஷன்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பயந்துபோய் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். என் எடையைக் குறைத்தால் குழந்தை அளவாகப் பிறக்குமா?

பதில்: முதலில் இன்று ராத்திரி சாப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற பொருளை ரத்தத்தில் சேர்க்கும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது வேண்டாத வேலை. கர்ப்பத்தில் எடையைக் குறைக்க முயல்வதே கூடாது. கூடும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான்.

உங்கள் எண்களைப் பார்ப்போம். குளுக்கோஸ் 75 கிராம் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்பது நம் நாட்டுக் கணக்கு. 162 அதற்குள் வருகிறது. ஆனால் 1,250 கிராம் என்பது 28 வாரத்துக்கு நடுத்தரமான எடை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் நாலு கிலோ இன்னும் எங்கும் கண்ணில் படவில்லை.

பிள்ளை ஏன் பெரிதாகிறது? தாயின் ரத்தத்தில் கூடும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக்கி, முக்கியமாக வயிற்றிலும் தோளிலும் சேர்க்கும். டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950-களிலேயே சொன்ன விளக்கம் இது. தலை அளவாக இருந்து தோள் அகன்றுவிட்டால் பிரசவத்தில் தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மருத்துவர்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

ஒன்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் பிள்ளை பெரிதாகும் என்றில்லை, தாயின் சர்க்கரை கூடக் கூடக் குழந்தை எடையும் படிப்படியாகக் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. திருப்பிச் சொன்னால், நீங்கள் இறக்கும் ஒவ்வொரு பத்து புள்ளிக்கும் பலன் இருக்கிறது.

சரி, உங்கள் எடைக்கு இதில் பங்கில்லையா? இருக்கிறது. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பெண்களிலும், எடை அளவுக்கு மீறிக் கூடினால் பெரிய பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மிகக் குறைவாகக் கூடியவர்களுக்குச் சின்னப் பிள்ளை பிறக்கும் கவலை வேறு. கர்ப்பத்துக்கு முந்தைய எடையும் சேர்ந்துகொள்ளும். அதை இப்போது மாற்ற முடியாது, அதனால் அதை நினைத்து வருந்தவும் வேண்டாம். உங்கள் உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 27 சொச்சம். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அளவுப்படி, இந்த நிலையில் தொடங்குகிறவர்களுக்கு மொத்தம் 7 முதல் 11.5 கிலோ வரை கூடலாம். நமக்கு 25-லிருந்தே உடல்பருமன் என்று கணக்கு வைப்பதால் உங்கள் மருத்துவர் இதைவிடக் குறைத்தும் சொல்லலாம். ஒன்பது கிலோ ஏற்கெனவே கூடிவிட்டது. இனி மாதம் ஒரு கிலோ அளவில் போனால் போதும். கடைசியில் அரை கிலோ கூடுதலாக நின்றால் குடி முழுகிவிடாது.

மாமியிடம் சண்டை போட வேண்டாம். இரண்டு உயிருக்குத் தின்ன வேண்டும் என்பதில் சத்து வரைக்கும் நியாயம் இருக்கிறது, சோற்று அளவில்தான் இல்லை. அவர் வைக்கும் மீன்குழம்பை அப்படியே சாப்பிடுங்கள். சாளை, நெத்தோலி, அயிலை எல்லாம் நல்ல புரதம். குறைக்க வேண்டியது கூட வரும் மரச்சீனிக் கிழங்கை. தட்டு நிறைய வேண்டாம், இரண்டு துண்டு போதும், அன்றைக்குச் சோறும் குறைய வேண்டும். சம்பா அரிசிச் சோறு என்பதற்காக இன்னொரு அகப்பை வைத்துக்கொள்ளக் கூடாது. புட்டுக்கு ஏத்தம்பழத்தைப் பிசையாமல் சிறுபயறோ கடலையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பழம் வேண்டுமென்றால் ஒரு மட்டிப் பழம், அதுவும் இடைவேளையில். கருப்பட்டிக் காப்பிக்கு நம் மாவட்டத்தில் தனி மரியாதை உண்டு, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரைதான். அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் உள்ள பேரீச்சம்பழத்தையும் அள்ளித் தின்ன வேண்டாம். ஏழாம் மாதப் பலகாரம் வீடு நிறைய வந்து இறங்குமே, அதை ஊருக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வேளைச் சாப்பாடும் இடையில் இரண்டு மூன்று சிறு தீனியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்திலாவது நடங்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ், இதுதான் குறி. இரண்டு வாரம் உணவைச் சரிசெய்தும் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் என்றதும் அழ வேண்டாம். மேலே சொன்னபடி அது குழந்தைக்குள் போகாது.

ஆப்பரேஷன் பயத்துக்கு வருகிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. குழந்தை நாலு கிலோவைத் தாண்டும் என்று தெரியும்போதுதான் அந்தப் பேச்சு வலுக்கிறது. ஸ்கேன் சொல்லும் எடையும் உத்தேசக் கணக்கு. பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும். 3.5 கிலோ என்று வந்தால் பிறக்கும்போது மூன்றேகால் கிலோவாகவும் இருக்கலாம். ஒரே ஸ்கேனை வைத்து முடிவு செய்யாமல், அடுத்தடுத்த ஸ்கேன்களில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு எப்படிப் போகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரையின் பாதிப்பு முதலில் தெரிவது அங்கேதான். பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது நல்லது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

பிறந்த பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்து போவார்கள், ஆனால் கவனம் தேவைப்படுவது அப்போதுதான். தொப்புள்கொடி வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது. அதனால் முதல் மணி நேரங்களில் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை எதுவும் வேண்டாம் என்று மாமியிடமும் உங்கள் அம்மாவிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தால் பதற வேண்டாம், சர்க்கரை பார்ப்பதற்குத்தான்.

பிரசவமானதும் உங்கள் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். அதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் ஆறாவது வாரம் அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். குழந்தைக்கும் அந்த வாரம்தான் தடுப்பூசி. முடிந்தால் இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போங்கள், ஆனால் டெஸ்ட் முடிந்ததும் சாப்பிட இரண்டு இட்லி கையில் இருக்கட்டும்.