பதில்: பொங்கல் லீவில் மூன்று தையலையும் முடிக்க முடியுமா?

நான்கு நாள் லீவில் மயில், ரோஜாக் கூடை, பெயர்ப்பலகை என மூன்று கிராஸ் தையல் (கட்டம் கட்டமாக X போட்டு நிரப்பும் எம்பிராய்டரி) வேலைகளையும் முடிக்கணும் என்கிறீர்கள். நடக்காதுங்க. மயில் மட்டுமே 14 கவுண்ட் துணியில் (அங்குலத்துக்கு 14 கட்டம்) 5 அங்குலச் சதுரம். 70-க்கு 70, மொத்தம் 4,900 கிராஸ் தையல். பாதிதான் பாக்கி என்றாலும், மணிக்கு 100 போட்டால் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் பொங்கல் வைப்பது யார்?

பெயர்ப்பலகையில் அவுட்லைன்தானே மிச்சம்? அதை முதலில் முடித்துவிட்டு மயிலுக்கு வாருங்கள். மயிலைச் சுற்றிய பார்டர் ஒரு கட்டம் தள்ளிப்போனதாக எழுதியிருந்தீர்கள். தோகைக்குள் என்றால் விட்டுவிடலாம், யார் எண்ணப் போகிறார்கள்? பார்டர் அப்படியில்லை, சுற்றி வந்து சேராது. தப்பிய இடம்வரை பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் பிசிறடித்திருக்கும், புது நூல் கோத்துக்கொள்ளுங்கள்.

தொடரும் முன், தண்ணீரில் அழியும் பேனாவால் 10 கட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். எல்லாம் முடிந்து குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே இஸ்திரி. சூடு பட்டால் கோடு துணியிலேயே தங்கிவிடலாம். ராத்திரி, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றி வைத்தால் தடம் விழாது.

ரோஜாக் கூடையைத் தொடவே வேண்டாம், அது அடுத்த லீவுக்கு.