பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமைகள்

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையைச் சேர்ந்தவள் நான். வயது 41. இருபது வருடமாகப் பாடகர் குழுவில் இருந்தேன். என் கணவர் மாரடைப்பில் இறந்து பத்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு பாட்டுகூட எனக்கு வாயில் வரவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை இல்லை. அவருடைய அடக்க ஆராதனையில் பாடிய பாட்டைக் கோயிலில் பாடினால் நெஞ்சை அடைக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும், விசுவாசத்தில் தளராதீர்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்' என்கிறார்கள். எனக்கு விசுவாசமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு அங்கே போய் உட்காருவது கடவுளை ஏமாற்றுவதாகாதா? கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடலாமா? ஒன்பதாவது படிக்கும் மகன், 'ஏம்மா நீங்க பாடவே மாட்டேங்கிறீங்க?' என்று கேட்கிறான். என்ன சொல்ல?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நிறுத்த வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பாடவும் வேண்டாம். பாடாமலே போங்கள்.

'ஏமாற்றுவதாகாதா' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். மனம் நிறைய நம்பிக்கையைச் சுமந்துகொண்டு போய்க் கடவுள் முன்னால் வைப்பதுதான் ஆராதனை என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே பழகிவிட்டது. இருபது வருடம் பாடகர் குழுவில் நின்ற உங்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். இத்தனை நாள் கொடுக்கப் போனீர்கள். இப்போது வாங்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். வெறுங்கையோடு வந்தவர்களை இயேசு திருப்பி அனுப்பியதாக நான் எங்கும் படித்ததில்லை.

வேதாகமத்தில் மாற்கு 2ஆம் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஊரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முடங்கிய திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு கீழே இறக்குகிறார்கள். சிறு வயதில் நாம் எல்லோரும் படம் வரைந்து வண்ணம் தீட்டிய கதை. அதில் ஒரு வரியைக் கவனியுங்கள்: இயேசு 'அவர்கள் விசுவாசத்தை' கண்டார் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் என்று பன்மையில். படுத்திருந்தவன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக அந்தக் கதையில் இல்லை. அன்றைக்கு அவனுடைய வேலை படுக்கையில் கிடப்பது மட்டும்தான். உங்களுக்கும் இப்போது அந்த வேலைதான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

என் கதை ஒன்று சொல்கிறேன். என் தம்பி 29 வயதில் விபத்தில் போனான். அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் நான் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி வந்து உட்காருவார். தைல வாசனையும், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. பாட்டு தொடங்கியதும் தன் பாட்டுப் புத்தகத்தை விரித்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். பல வாரம் கழித்துத்தான் பார்த்தேன், அவர் பிடித்திருந்தது வேறு ஏதோ பக்கம். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம். பாட்டெல்லாம் மனப்பாடம். புத்தகத்தை எனக்காகத்தான் விரித்துப் பிடித்திருந்தார். 'பாடு' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. என் காது பக்கமாகப் பாடிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வருடமும் என் விசுவாசம் அந்தப் பாட்டியிடம்தான் இருந்தது. நான் கேட்டபோது திருப்பிக் கொடுத்தார்.

இதற்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் உங்கள் விசுவாசம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். கோயிலில் அந்தக் கணக்கு வேண்டியதில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே பாருங்கள், 'எங்கள் பிதாவே' என்றுதான் தொடங்குகிறது. ஆகாரம் கேட்டாலும் 'எங்களுக்கு', மன்னிப்புக் கேட்டாலும் 'எங்களுக்கு'. 'என்' என்ற சொல்லே அதில் இல்லை. நூறு பேர் சேர்ந்து அதைச் சொல்லும்போது நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் அந்த 'எங்கள்' உங்களையும் சேர்த்துத்தான்.

வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வேதாகமத்தில் இருக்கும் சங்கீதப் புத்தகத்தை எடுங்கள். துதிப் பாட்டுகள் மட்டும்தான் அதில் இருக்கின்றன என்று நினைக்காதீர்கள். 150 சங்கீதங்களில் புலம்பல்களே ஒரு பெரிய பங்கு. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை கேட்டுவிடுகிறது. ஆறாவது வசனத்தில் பாட்டு வந்துவிடுகிறது. சரி, எல்லோருக்கும் ஆறு வசனத்தில் வந்துவிடுமா? 88ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். தோழர்கள் விலகிவிட்டார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு அது அப்படியே நின்றுவிடுகிறது. கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை. ஆலயத்தில் பாடும் பாட்டாகவே வைத்திருந்தார்கள். சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்: 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?' அப்படிக் கேட்டவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

இரவில் மகன் தூங்கிய பிறகு 13, 88 ஆகிய இந்த இரண்டு சங்கீதங்களில் ஏதாவது ஒன்றைச் சத்தமாக வாசியுங்கள். வேறு ஜெபம் வேண்டாம். அதுவும் முடியாத நாளில் சும்மா உட்காருங்கள்.

வருகிறவர்கள் சொல்லும் வசனம் ரோமர் 8:28. நல்ல வசனம்தான், அதை நானும் நம்புகிறேன். ஆனால் துக்க வீட்டில் அதைத் தூக்கிக் கொடுக்கிறவர்கள் இரண்டு வசனம் மேலே போய் 26ஐயும் வாசிக்கலாம். நாம் எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருக்கும்போது, ஆவியானவரே 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது அது. நீங்கள் விடும் பெருமூச்சும் ஜெபக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்கிறது. அவர்களுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று அங்கே இல்லை. உங்களிடம் வருகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உங்கள் அழுகையைப் பார்க்க அவர்களுக்குத் தாங்கவில்லை. பதில் சொல்லிச் சிரமப்படாதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டார். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். ஆகவே வெட்கப்படாமல் ஒரு டாக்டரைப் பாருங்கள். பத்து மாதமாகத் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால், அல்லது எலியாவைப் போல 'போதும்' என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், நாளைக்கே பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞரைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அவர் எழுதிய ஞானப்பாட்டுகளை உலகம் முழுவதும் இன்றும் பாடுகிறார்கள். 1773இல் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை. ஓல்னி ஊர்க் குருவானவர் ஜான் நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். இருவர் பாட்டுகளும் சேர்ந்த தொகுப்பு 1779இல் வெளிவந்தபோது, கூப்பர் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தார். அவரால் பாட முடியாத நாட்களில் மற்றவர்கள் அவர் பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இருபது வருடம் பாடியதைக் கேட்டுத் தேறியவர்களும் உங்கள் சபையில் இருப்பார்கள். இப்போது அவர்கள் முறை.

பாடகர் குழுத் தலைவரிடம், 'கிறிஸ்மஸ்வரை என்னை எதிர்பார்க்காதீர்கள், அப்புறம் பார்க்கலாம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சாக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் சபைக் குருவானவரிடமும் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அதிகாலைத் திருவிருந்து ஆராதனை இருந்தால் கொஞ்ச நாள் அதற்குப் போங்கள். கூட்டமும் குறைவு, பாட்டும் குறைவு. அங்கே போய் முழங்காலிட்டுக் கையை நீட்டினால் போதும். கையில் வைக்கும் அப்பத்தை வாங்கிக்கொள்ள வார்த்தை தேவையில்லை.

மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'அப்பா நினைவு வந்து தொண்டை அடைக்குதுப்பா, அதான் பாட முடியல. நீ பாடு, நான் கேட்கிறேன்' என்று சொல்லுங்கள். அவனும் அப்பாவை இழந்தவன்தான். அம்மாவிடம் அழலாம் என்று அவனுக்கும் தெரிய வேண்டும்.

அந்த அடக்கப் பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள். அந்தப் பாட்டு தொடங்கினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. மரத்தடியில் நில்லுங்கள், குழாயில் முகம் கழுவுங்கள். பாட்டு முடிந்ததும் உள்ளே போங்கள். என் தம்பிக்குப் பாடிய பாட்டுக்கு நான் இரண்டு வருடம் அப்படித்தான் எழுந்து போனேன். நான் திரும்பி வரும்வரை பாட்டி என் இடத்தில் யாரையும் உட்காரவிட மாட்டார்.