பிறப்புரிமை இருக்கட்டும், 21 நாள் கெடு என்ன ஆச்சு?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தேசிய நெடுஞ்சாலைக்கு என் வயலில் இரண்டு மா நிலம் போகிறது. சொத்து இயற்கை உரிமை, எந்த அரசும் தொட முடியாது, பிரெஞ்சுப் புரட்சியே சொன்னது என்கிறான் மகன். நோட்டீசுக்கு அப்படியே பதில் எழுதலாமா?

வேண்டாம், ஐயா. மகன் படித்தது சரிதான். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முந்தியவை என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். அந்தச் சிந்தனையின் பலத்தில்தான் 1776இல் அமெரிக்கர்கள் இங்கிலாந்து மன்னரை உதறினார்கள். 1789இல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மனித உரிமைப் பிரகடனத்தில் சொத்தை இயற்கை உரிமை என்றே எழுதிவைத்தார்கள். ஆனால் அதே பிரகடனத்தின் கடைசிப் பிரிவு, 17ஆவது, என்ன சொல்கிறது? பொதுத் தேவை சட்டப்படி உறுதியானால் எடுக்கலாம். நியாயமான இழப்பீட்டை முன்னதாகவே தர வேண்டும். நம் நாட்டிலோ சொத்து இப்போது அடிப்படை உரிமையே இல்லை. அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் 1979இல் அதை எடுத்துவிட்டது. மிச்சம் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு: சட்டத்தின் வழியில்லாமல் பறிக்கக் கூடாது.

ஆகவே சட்டத்தின் வழியைப் பிடியுங்கள். நிலம் எடுக்கப்போகிறோம் என்று தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில் வரும் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் தர வேண்டும். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல! இப்படி ஒரு கெடுவை வைத்தவர் வயலில் இறங்கியிருக்க மாட்டார். சர்வே எண், பரப்பில் பிழை, சாலை வாய்க்காலை வெட்டினால் மீதி வயலுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்பதையெல்லாம் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே என்று தெம்பாக இருக்காதீர்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டம் சாலையைத் தடுக்காது.

இதற்குள் புரோக்கர் வந்துவிடுவார். "கூடுதலாக வாங்கித் தருகிறேன், பத்து பர்சன்ட் போதும்" என்பார். வெற்றுத்தாளிலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்துப் போட்டால், தொகை எந்தக் கணக்குக்குப் போகும் என்பதே உங்களுக்குத் தெரியாது. இழப்பீடு குறைவு என்றால் மத்தியஸ்தரிடம் முறையிடலாம். அதற்குப் புரோக்கர் எதற்கு?

ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பட்டா உங்கள் பெயரிலா, கோயில், மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறீர்களா? குத்தகை என்றால் கதையே வேறு. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் 1969ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தாலுகாவில் உடனே பாருங்கள். வாய்மொழிக் குத்தகை என்றால் நெல் அளந்த ரசீது, பயிர்க் கடன் சீட்டு, எது கிடைத்தாலும் சேருங்கள். இழப்பீட்டைப் பங்கு பிரிப்பதில் தகராறு வந்தால் விஷயம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பேச்சு எடுபடாது, தாள்தான் எடுபடும்.